வாலில்லாம மேடை ஏறின மயில்

காட்டுக்கு நடுவுல ஒரு குளம். தினமும் சாயங்காலம் ஒரு எருமை வந்து அந்தக் குளத்துச் சேத்துல சுகமா படுத்துக்கும். அது முதுகு மேல ஒரு கரிச்சான் குருவி வந்து உக்காரும். அவ்வளவுதான், ஷோ ஆரம்பம்!

"வாங்க வாங்க! இன்னிக்கு யாரைக் கலாய்க்கப் போறோம்?"னு கரிச்சான் கேக்கும். கரையில இருக்கிற தவளைங்க எல்லாம் சேந்து கத்தும். அதான் கைதட்டல்!

காட்டுல யாரு பெரிய ஆளோ, அவங்களைக் கூப்பிட்டு எதிர்ப் பாறையில நிக்க வைப்பாங்க. கரிச்சான் அவங்களை மாதிரியே பேசிக் காட்டும். வேற யாரும் கேக்கவே பயப்படுறதை எல்லாம் கேக்கும். ஆனா முதல்ல தன்னைத்தான் ஓட்டிக்கும். "என் வாலைப் பாத்தீங்களா? யாரோ பாதி கிழிச்சிட்டு வேலை இருக்குன்னு போயிட்ட மாதிரி!"

அன்னிக்கு யானை வந்துச்சு.

"யானை மாமா, காலையில ஓடைப் பக்கம் தொபுக்கடீர்னு ஒரு சத்தம். இடின்னு நெனச்சு முயலெல்லாம் வளைக்குள்ள போயிருச்சு. என்ன மாமா அது?"

யானை தும்பிக்கையால மூஞ்சியை மூடிக்கிச்சு. "வழுக்கிட்டேன்டா!"

"அப்ப எழுந்திரிக்க ஏன் அவ்வளவு நேரம்?"

"விழுந்த இடம் ஜில்லுன்னு இருந்துச்சு. அப்படியே தூங்கிட்டேன்!"

குளமே சிரிச்சுச்சு! எருமை மட்டும் சிரிக்கல. "குளத்துல விழுந்துராதீங்க மாமா, நாங்கெல்லாம் மரத்துல ஏறணும்"னு மெதுவா சொல்லுச்சு. அதுக்கு இன்னும் சிரிப்பு!

மறுநாள் பாத்தா, யானையைக் கண்டாலே ஓடுற முயல் குட்டிங்க அது காலுக்கு நடுவுல ஓடிப் பிடிச்சு விளையாடுதுங்க. யானையும் அசையாம நின்னு விளையாட விடுது.

இதையெல்லாம் ஒரு மயில் பாத்துக்கிட்டே இருந்துச்சு. புதருக்குப் பின்னால இருந்து. கழுத்து மட்டும்தான் வெளியில!

அந்த மயில்தான் காட்டோட ஹீரோ. அந்த வருஷம்தான் அதுக்கு முதல் தடவையா நீளத் தோகை வந்துச்சு. அது ஆடினா அணிலெல்லாம் இடம் பிடிக்கச் சண்டை போடும். ஆனா மழைக்காலம் முடியறப்போ, ஒவ்வொரு இறகா உதிர ஆரம்பிச்சுச்சு. ஒண்ணுகூட மிச்சம் இல்ல! "எனக்கு ஏதோ சீக்கு. இனிமே நான் அவ்வளவுதான்"னு பயந்து புதருக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. சரியா சாப்பிடக்கூட இல்ல.

ஆனா நரி கண்டுபிடிச்சிருச்சு.

"என்ன ஹீரோ, பின்னாடி காத்தாடுது?"

"ஐயோ, சத்தமா பேசாதீங்கண்ணே!"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்பா. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. உங்க அக்கா குஞ்சுங்க எங்க தூங்குது?"

மயில் இன்னும் உள்ள பதுங்குச்சு. "அது... அது எதுக்கு?"

"சும்மா, குழந்தைங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சு." நரி நாக்கால வாயை நக்கிக்கிச்சு. "சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். சொல்லலன்னா, ஷோல எழுந்து நின்னு உன் கதையைப் போட்டு உடைச்சிருவேன்!"

மயில் பகல் பூரா தவிச்சுச்சு. சொன்னா குஞ்சுங்க போச்சு. சொல்லலன்னா மானம் போச்சு. அப்பத்தான் யானையை நெனச்சுப் பாத்துச்சு. வழுக்கி விழுந்ததை யானையே சொல்லுச்சு. அதனால அதுக்கு என்ன குறைஞ்சு போச்சு? முயல் குட்டிதானே கூடுச்சு!

சாயங்காலம் ஷோ ஆரம்பிச்சுச்சு. முன் வரிசையில நரி, இளிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு.

"இன்னிக்கு யாரை..."னு கரிச்சான் வாயைத் திறக்கறதுக்குள்ள, புதரை விலக்கிக்கிட்டு மயில் ஓடி வந்து பாறை மேல ஏறிருச்சு. ஏறி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்னுச்சு!

தவளைங்க எல்லாம் எட்டி எட்டிப் பாத்துச்சுங்க.

மயில் பயந்துக்கிட்டே நிக்கிறதைக் கரிச்சான் பாத்துருச்சு. அதனால குரலைக் குறைச்சு, "மயிலண்ணே, நான் ஓட்டட்டுமா, இல்ல நீங்களே ஓட்டிக்கிறீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"நானே ஓட்டிக்கிறேன் தம்பி." மயில் தலையை மட்டும் திருப்பிச்சு. "நேத்து ஒரு காட்டுக்கோழி என்கிட்ட வந்து, 'நீ எந்தக் கூட்டத்துக் கோழிப்பா, பாத்ததே இல்லையே'ன்னு கேட்டுச்சு!"

ஒரு தவளை களுக்குன்னு சிரிச்சுச்சு.

"நீங்க என்ன சொன்னீங்க?"ன்னு கரிச்சான் கேட்டுச்சு.

"பக்கத்துக் காடுன்னு சொல்லிட்டேன்! அது பாவம், 'நல்லாச் சாப்பிடு, வளருவ'ன்னு சொல்லி ரெண்டு புழுவேற குடுத்துச்சு!"

குளம் அதிர்ந்துச்சு! யானை சிரிச்ச சிரிப்புல நாவல் மரத்துப் பழமெல்லாம் கொட்டிருச்சு. எருமை பாத்துச்சு. "புழு நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டுச்சு. மறுபடியும் சிரிப்பு!

நரி துள்ளி எழுந்துச்சு. "நான்தான் முதல்ல பாத்தேன்! இவனுக்கு வாலே இல்ல!"

"அதான் நாங்களே பாத்துட்டோமே, உக்காருங்க!"ன்னு அணிலெல்லாம் கத்துச்சு.

கரிச்சான் மட்டும் நரியை உத்துப் பாத்துச்சு. "முதல்லயே பாத்துட்டு ஏன்ணே சும்மா இருந்தீங்க?"

நரி மெதுவா பின்னால நகரப் பாத்துச்சு. மயில் திரும்பி நின்னு சொல்லுச்சு. "சும்மா இல்ல தம்பி. எங்க அக்கா குஞ்சுங்க தூங்குற இடத்தைக் கேட்டாரு. சொன்னாத்தான் வாயை மூடுவாராம்!"

சிரிப்பு சட்டுனு நின்னுச்சு. எருமை சேத்துல இருந்து எழுந்திரிச்சுச்சு. யானை ஒரே ஒரு அடி முன்னால வச்சுச்சு. அவ்வளவுதான்! நரி எடுத்த ஓட்டத்துல அதோட நிழல்கூட பின்தங்கிப் போச்சு.

அப்பத்தான் இந்தப் பக்கம் ஒரு புதர் ஆடுச்சு. அந்தப் பக்கம் ரெண்டு புதர் ஆடுச்சு. மூணு பெரிய மயிலுங்க தயங்கித் தயங்கி வெளிய வந்துச்சு. ஒண்ணுக்கும் தோகை இல்ல!

"தம்பி, எங்களுக்கும் விழுந்துருச்சுப்பா. வருஷா வருஷம் விழும்."

"அப்புறம்?"

"அப்புறம் முளைச்சிரும்!"

"முளைச்சிருமா? இதை ஏன்ணே யாரும் எனக்குச் சொல்லல?"

"வெக்கம்தான்! ஆளுக்கொரு புதருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா யாரு யார்கிட்ட சொல்றது?"

மயில் ஒரு பெருமூச்சு விட்டுச்சு பாருங்க! பாறையில அப்படியே உக்காந்துருச்சு. "எனக்கு ரொம்பப் பசிக்குது"ன்னு சொல்லுச்சு. யானை கீழ கொட்டிக் கிடந்த நாவல் பழத்தை எல்லாம் தும்பிக்கையால தள்ளி விட்டுச்சு. நாலு மயிலும் சேந்து சாப்பிட்டுச்சு.

நம்ம குறையை நாமளே சிரிச்சுக்கிட்டு வெளியில சொல்லிட்டா, அதை வச்சு நம்மளை மிரட்ட யாராலயும் முடியாது.