துண்டுக்குள் பத்து விரல்

“எந்த எடுபட்டவன் என் பொட்டியில கைய வெச்சானோ, அவன் விரல் விளங்காமப் போக!”

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆட்டோவிலிருந்து தூக்கி வந்த கணினியை நூலக மாடி மேசைமேல் தொப்பென்று வைத்தாள் மரகதமணி. ஈரோட்டில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, சுவரோரம் ஒண்டிய சின்னக் கடையில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பவள்.

அந்த அறையில் ஒருவருக்கு மட்டும் சாபம் சுருக்கென்று தைத்தது. பெட்டியின் நெற்றியில் இருந்த பென்குயின் படம் பொன்னுரங்கம் கையால் ஒட்டியது.

பொன்னுரங்கம் முன்பு மாட்டுத் தரகர். கருங்கல்பாளையம் சந்தையில் அவர் வாய்க்குப் பயந்து கிழட்டு மாடும் நிமிர்ந்து நிற்கும் என்பார்கள். இப்போது பழைய கணினி வாங்கி விற்கிறார். வாழ்நாளெல்லாம் பேரம் பேசியே வளர்ந்த மனிதர் ஒருநாள் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைக் கண்டார். விலை கேட்டார். விலையே கிடையாது என்றார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்றார்கள். அன்றைக்குப் பிடித்த பித்து. பழுது பார்க்க வரும் பெட்டி எதுவானாலும் லினக்ஸும் அதன் சின்னமான பென்குயினுமாகத்தான் திரும்பிப் போகும்.

அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஜரீனா. ஞாயிறுதோறும் நூலக மாடியில் உட்கார்ந்து, லினக்ஸுக்கு மாற வருகிறவர்களுக்கு வழிகாட்டுவார். பொன்னுரங்கத்தைவிட இருபது வயதாவது இளையவர். ஆனாலும் அவருக்கு ஜரீனா ‘டீச்சர்’தான்.

“உட்காருங்கம்மா. என்ன ஆச்சு?” என்றார் ஜரீனா.

“என்ன ஆச்சா? வைரஸ் பூந்துடுச்சுன்னு மச்சினர் எங்கயோ கொடுத்து வாங்கிட்டு வந்தாருங்க. வைரஸ் போயிருச்சு. கூடவே என் பொழப்பும் போயிருச்சு. ‘ஐயா’ன்னு அடிச்சா என்ன கருமமோ வருது. வர்ற ஆளெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போறாங்க. நாளைக்கு மனு நாள். நாளைக்கும் கைய விரிச்சா, அடுத்த வாரம் எந்தக் கழுதை என்னைத் தேடி வரும்?”

“மச்சினர்கிட்டயே கேக்கறதுதானே?” என்றார் பொன்னுரங்கம், மெதுவாக.

“அந்த மனுசனா? கடை எதுன்னு கேட்டா, ‘ஏதோ ஒரு கடை’ங்கறாரு. பொண்ணு பாக்கப் போன வீட்டையே மறந்தவரு.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.

ஜரீனா கணினியை இயக்கினார். பென்குயினைப் பார்த்தார். பிறகு பொன்னுரங்கத்தையும் பார்த்தார். ஜன்னல் பக்கம் நகர்ந்தார். பொன்னுரங்கமும் பின்னாலேயே போனார்.

“டீச்சர், நான் என்ன கெடுத்தேன்? முன்னாடி அதுல இருந்தது காசு கொடுத்துக் கட்டிக்கிட்ட தளைங்க. அவுத்து விட்டேன். ஒத்த ரூபா வாங்கல. தமிழ் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகை வெச்சுக் கொடுத்தேன். சின்னக் குழந்தைகூடச் சுளுவாக் கத்துக்கும். அந்தப் பழைய டைப்ரைட்டர் முறையைக் கட்டிக்கிட்டு அழணுமா? ஒரு வாரம் பழகினா விரலு தானா வருமுங்க.”

“பழகறீங்களான்னு கேட்டீங்களா, அண்ணா?”

“நல்லது செய்யறதுக்கு உத்தரவு வாங்கணுமா? சும்மா கொடுத்ததுக்கா இத்தனை பேச்சு?”

ஜரீனா கை நீட்டினார். “உங்க துண்டைக் கொடுங்க.”

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஜரீனா மேசைக்குத் திரும்பி, திரையின் மூலையில் விசைப்பலகையைப் பழைய டைப்ரைட்டர் முறைக்கு மாற்றினார். மரகதமணியின் கைகளை விசைப்பலகைமேல் வைக்கச் சொல்லி, மேலே துண்டைப் போட்டு மூடினார்.

“நாளைக்குக் கொடுக்க வேண்டிய மனு ஏதாவது இருக்குமே. அடிங்கம்மா.”

“எழுத்து கண்ணுக்குத் தெரியாமயா?”

“எப்பவாவது கீழ பாத்து அடிச்சிருக்கீங்களா?”

மரகதமணி யோசித்தாள். “குனிஞ்சா எங்க டைப்பிங் சார் தலையில கொட்டுவாரு.”

துண்டு அசைந்தது.

திரையில் ‘அனுப்புநர்’ வந்தது. ‘பெறுநர்’ வந்தது. விதவை உதவித்தொகை நின்றுபோன ஒரு பெண்ணின் கதை, வரிவரியாக, ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. மரகதமணி வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுரங்கம் திரையைப் பார்க்கவில்லை. துண்டையே பார்த்தார். துணிக்கடியில் விரல்கள் பேசுவது அவருக்குத் தெரியும். சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, இவர் கையை அவர் பிடித்து, விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவார்கள். மேலே சிரிப்பும் வசவும் நடக்கும். உள்ளே விரல் பொய் சொல்லாது.

ஜரீனா அவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

“சந்தையில, துண்டுக்குள்ள எதிராளி விரலை நீங்களே மடக்கிட்டு ‘விலை முடிஞ்சுது’ன்னு சொன்னா?”

“தோலை உரிச்சிருவாங்க.”

“நல்ல விலைக்குத்தான் மடக்கினேன்னு சொன்னா?”

பொன்னுரங்கம் தன் வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மரகதமணி துண்டை உதறி எழுந்தாள். “இது சரியாப் போச்சுங்க மிஸ். ஆனா பழைய மனுவெல்லாம் தொறந்தா எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா நிக்குது. அதையும் நீங்களே பாத்துக் கொடுத்திருங்க.”

“அது என் வேலை இல்லைங்கம்மா. செஞ்சவர் வருவார்.”

“வரட்டும்! என் முன்னால உக்காந்து ஒண்ணொண்ணா சரி பண்ணோணும். சொல்லிப்போட்டேன்.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

பொன்னுரங்கம் துண்டை எடுத்து மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

“போறேன் டீச்சர். நாந்தான்னு சொல்லிர்றேன். திட்டட்டும். அப்புறம் லினக்ஸோட அருமையைப் பொறுமையா எடுத்துச் சொல்லி...”

“எதுவும் சொல்ல வேண்டாம். என்ன வேணும்னு கேளுங்க.”

“பழசே வேணும்னுட்டா?”

“போட்டுக் கொடுங்க.”

பொன்னுரங்கத்தின் முகம் சிவந்தது. “நீங்களா சொல்றீங்க? ஊரையே மாத்தணும்னு உக்காந்திருக்கற நீங்களா? என் கையாலயா அதைத் திருப்பிப் போடறது?”

“கேக்காம எடுத்த கை அதுதானே, அண்ணா? போங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துட்டு வாங்க. நாளைக்கு மனு நாள்.”