திறக்காத லிங்க்

"ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டேங்காங்க டீச்சர்" என்றார் சுடலைமணி.

சொன்னவர் ஒரு பள்ளியின் நூலகர். வயது ஐம்பத்திரண்டு. கேட்டுக்கொண்டிருந்த குருவுக்கு முப்பதுதான். பெயர் பெனடிக்டா. தூத்துக்குடியில் வேறொரு பள்ளியின் நூலகர். மாவட்டத்துப் பள்ளி நூலகர்கள் எல்லாரும் அவரைக் குரு என்றுதான் சொல்வார்கள். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதே கிடையாது என்பதால் வந்த பட்டம் அது.

இளையவரிடம் சீடராக வந்து நிற்பதில் சுடலைமணிக்கு வெட்கம் இல்லை. வெட்கப்படுகிற நிலைமையில் அவர் அன்று இல்லை.

"எதைத் திறக்க மாட்டேங்காங்க?"

"நான் அனுப்புத லிங்க்கைத்தான். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல தினமும் போடுதேன். பழைய புத்தகம் படிக்குத தளம், பறவைச் சத்தம் கேக்குத தளம், வினாடி வினா தயார் பண்ணுத தளம். காலையில அஞ்சு, சாயங்காலம் அஞ்சு. தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு."

"குரூப்ல என்ன சொல்லுதாங்க?"

"கட்டைவிரல் காட்டுதாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்ப சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே சார்?"

சுடலைமணியால் சந்தோஷமாக இருக்க முடியவில்லை. தலைமையாசிரியர் வேலாயுதம் கெடு வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு வந்த இலவசப் பைகள் வராந்தாவில் மழைச்சாரலில் நனைகின்றன. நூலக அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, இணையம் இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. மாதக் கடைசிக்குள் ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். புத்தகங்கள் மாடிப்படிக்குக் கீழே போகும், பைகள் உள்ளே வரும். சுடலைமணி அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறைதான் அவருக்கு எல்லாம். வீட்டில் இருக்கும் பொருள் எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கேட்பார். நூலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்.

"இன்னும் நிறைய அனுப்பவா டீச்சர்? காலையில பத்து, சாயங்காலம் பத்து?"

பெனடிக்டா யோசித்தார். அப்புறம் சொன்னார்:

"நாளைக்குத் திறக்காத லிங்க் ஒண்ணு அனுப்புங்க."

"திறக்காத லிங்க்கா?"

"ஒண்ணே ஒண்ணு. வேற எதையும் அனுப்பாதீங்க."

"எதுக்கு?"

சீடர் ஊர் திரும்ப வேண்டிய சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார் குரு.

மறுநாள் சுடலைமணி மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தப் பாவத்தைச் செய்தார். 'இன்று மாலை வானில் தெரிவது என்ன? போனைக் காட்டினால் பெயர் சொல்லும்' என்று எழுதினார். அப்படி ஒரு தளம் உண்மையிலேயே இருந்தது. அதன் முகவரியில் நடுவே நாலு எழுத்தை அழித்தார். அனுப்பினார்.

உடனே கட்டைவிரல்கள் வந்தன.

'அருமை சார்.'

'பயனுள்ள தகவல். நன்றி.'

தமிழாசிரியர் ஒரு ரோஜாப்பூ வைத்தார். தலைமையாசிரியர் இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டார்.

அறிவியல் ஆசிரியை ராமலட்சுமி ஒரு படி மேலே போனார். 'என் வகுப்பில் காட்டினேன். மாணவர்கள் மிகவும் மகிழ்ந்தனர்.'

இல்லாத தளத்தைப் பார்த்து மகிழ்ந்த மாணவர்களை நினைத்து சுடலைமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொஞ்சம் அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை மறுபடி தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்.

"பாத்துட்டேன் டீச்சர். சுத்தமா ஒருத்தரும் திறக்கல. சாவியைக் கொடுத்துடுதேன்."

"ஒருத்தருமேவா?"

"ஒருத்தருமே. பி.டி. மாஸ்டர் மட்டும் போன் பண்ணித் திட்டினாரு. அதை விடுங்க."

பெனடிக்டா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னன்னு திட்டினாரு?"

"'என்ன ஓய், லிங்க் அனுப்புதீரா இல்ல விளையாடுதீரா? அரைமணி நேரமா அமுக்கிட்டு இருக்கேன், ஒரு மண்ணும் வரல'ன்னு. அந்தோணிப்பிச்சை அப்படித்தான், வாயைத் திறந்தா சண்டைதான். அவருக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்? இத்தனை வருஷத்துல பந்து உள்ள விழுந்தா எடுக்க வருவாரு, அவ்வளவுதான்."

குரு எழுந்து வெளியே போனார். தெருமுனைப் பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலம் மக்ரூனோடு திரும்பி வந்தார். பொட்டலத்தைப் பிரித்து சுடலைமணியின் முன்னால் வைத்தார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"சாப்பிடுங்க சார்."

"என்ன விசேஷம் டீச்சர்?"

"உங்களை ஒருத்தர் திட்டியிருக்காரே!"

சுடலைமணி ஒரு மக்ரூனை வாயில் போட்டார். அது கரைந்தது. விஷயம் கரையவில்லை.

"அவர் எதுக்கு அரைமணி நேரம் அமுக்கினாரு?" என்றார் குரு.

"தெரியலையே."

"சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

திங்கட்கிழமை மாலை சுடலைமணி மைதானத்துக்குப் போனார். பள்ளிக்கூட மைதானத்தில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் மிகையில்லை. ஹாக்கிப் பிள்ளைகள் மட்டைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தோணிப்பிச்சை விசிலைக் கழுத்தில் போட்டபடி முறைத்தார்.

"என்ன ஓய், இங்கன வந்து நிக்கீரு?"

"அன்னைக்கு அந்த லிங்க்கை எதுக்குத் தேடினீரு? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

பி.டி. மாஸ்டரின் முறைப்பு கொஞ்சம் இறங்கியது. பிள்ளைகளுக்குக் கேட்காதபடி பக்கத்தில் வந்தார்.

"அந்தா பாரும்." வானத்தைக் காட்டினார். இருட்டத் தொடங்கியிருந்தது. நிலாவுக்குச் சற்றுத் தள்ளி ஒன்று பளிச்சென்று நின்றது. "பிராக்டீஸ் முடியுதப்ப தினமும் அது தெரியும். என்னது சார்னு கேட்டாளுவ. டவர் லைட்டுன்னு சொல்லிட்டேன். வானத்துல எப்படி சார் டவர் நிக்கும்னு ஒரே சிரிப்பு. தினமும் கேட்டுச் சிரிக்காளுவ ஓய். எனக்குத் தெரியலைன்னு சொல்ல வாய் வரல."

சுடலைமணிக்கு அப்போது வந்த குற்ற உணர்ச்சியை எழுதி முடியாது. அழித்த நாலு எழுத்துக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரியான முகவரியைப் போனில் திறந்தார். அந்தோணிப்பிச்சையின் கையில் கொடுத்தார்.

"வானத்தைப் பாத்துக் காட்டும்."

பி.டி. மாஸ்டர் காட்டினார். திரையில் எழுத்து மிதந்து வந்து நின்றது.

அவர் விசிலை எடுத்து ஊதினார். பிள்ளைகள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"ஏட்டி, டவர் லைட்டு இல்லட்டி! வியாழன்! கிரகம்!"

ஒரே கூச்சல். போன் கைமாறிக்கொண்டே போனது. ஒருத்தி போனைத் தரைப்பக்கம் திருப்பினாள். பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நட்சத்திரங்களெல்லாம் காலுக்குக் கீழே தெரிந்தன. அவள் துள்ளிக் குதித்துத் தள்ளி நின்றாள்.

அணித்தலைவி இசக்கியம்மாள் கேட்டாள். "சார், வியாழனுக்கு நிலா உண்டா?"

பி.டி. மாஸ்டர் நூலகரைப் பார்த்தார்.

"உண்டுன்னு படிச்சிருக்கேன். எத்தனைன்னு தெரியலையே தாயி" என்றார் சுடலைமணி. "நாளைக்கு நூலகத்துக்கு வா. சேந்து பாப்போம்."

அவள் தனியாக வரவில்லை. பதினொரு பேர் அணியும் வந்தது. பின்னாலேயே பி.டி. மாஸ்டரும் வந்தார், பந்து எதுவும் உள்ளே விழாமலே.

அதற்கு அடுத்த நாள் ராமலட்சுமி டீச்சர் வாசலில் நின்றார். முகம் உர்ரென்று இருந்தது.

"பி.டி. மாஸ்டர் வானவியல் எடுக்காராமே? கிளாஸ்ல பிள்ளைங்க என்னைக் கேள்வி கேட்டுக் கொல்லுதுங்க."

"உள்ள வாங்க டீச்சர். இப்ப என்ன பாடம் நடத்துதீங்க?"

"இதயம். போர்டுல வரைஞ்சா மாங்காய் மாதிரி வருது."

சுடலைமணி தேடினார். இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் உள்ளே புகுந்து பார்க்கவும் முடிகிற ஒரு தளம் கிடைத்தது. ராமலட்சுமி திருப்பினார், புகுந்தார், மணி அடித்தும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

போகும்போது தயங்கி நின்றார். "சார், அன்னைக்கு நான் கிளாஸ்ல காட்டினதா போட்டேன்லா..."

"எந்த அன்னைக்கு டீச்சர்?" என்றார் சுடலைமணி.

அவர் காலையில் ஐந்தும் மாலையில் ஐந்தும் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அதற்கு நேரமும் இல்லை. டீக்கடையில், சத்துணவுக் கூடத்து வாசலில், சைக்கிள் ஸ்டாண்டில், பார்க்கிறவர்களையெல்லாம் "இப்ப என்ன நடத்துதீங்க?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். சிலர் ஓடினார்கள். சிலர் நின்று சொன்னார்கள். சொன்னவர்களுக்கு மட்டும், சொன்னதற்கு மட்டும் ஒன்று அனுப்பினார். நீங்கள் பெரிய திருப்பம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். பாதிப்பேர் இன்னும் கட்டைவிரல்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியரையும் ஒருநாள் வராந்தாவில் மறித்தார்.

"பத்தாம் வகுப்புக்கு இப்ப கணக்குல என்ன சார் நடத்துதீங்க?"

"வட்டமும் தொடுகோடும்" என்றார் வேலாயுதம். "மாசக் கடைசி ஞாபகம் இருக்குல்லா?"

மாதக் கடைசி வந்தது. காலையிலேயே வராந்தாவிலிருந்து பைக் கட்டுகளை இறக்கி நூலக வாசலில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுடலைமணி அதைப் பார்க்காமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாடம் சொன்னவர்களுக்கு அனுப்ப வேண்டியதையெல்லாம் கடைசியாக ஒருமுறை அனுப்பிவிட வேண்டும். வட்டத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடிகிற ஒரு தளத்தைத் தலைமையாசிரியருக்கு அனுப்பினார். அவர் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அவரிடம் பாடம் கேட்டது கேட்டதுதானே.

மூன்றாவது பீரியடில் போன் அடித்தது. தலைமையாசிரியர்.

சுடலைமணி சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனைக் காதில் வைத்தார்.

"என்னவே லிங்க் இது!"

இத்தனை வருஷத்தில் வேலாயுதம் அவரை 'வே' போட்டுப் பேசியதில்லை.

"சார்..."

"பத்தாம் வகுப்புல நின்னுக்கிட்டு இருக்கேன்! பிள்ளைங்க எல்லாம் திரையையே பாத்துக்கிட்டு இருக்கு! அமுக்குதேன், அமுக்குதேன், திறக்கவே மாட்டேங்குது! மானம் போகுது ஓய்! என்னத்தை அனுப்பித் தொலைச்சீரு?"

சுடலைமணி திரையைப் பார்த்தார். அவசரத்தில் முகவரியின் கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. இந்தத் தடவை அவர் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக.

"இதோ சார், இந்த நிமிஷம் சார்!"

சரியானதை அனுப்பினார். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் நாற்பது பிள்ளைகளின் "ஓ..." என்ற சத்தம். அதற்குப் பின்னால் தலைமையாசிரியரின் குரல், வேறு யாரிடமோ:

"ஏய், அந்தப் பையை எல்லாம் நூலக வாசல்ல இருந்து எடுங்கடா. என் ரூம்ல கொண்டு போடுங்க. எடுங்கன்னா எடுங்க!"

சாவிக்கொத்து மேசைமேல் விழுந்தது. சுடலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போன் போட்டார்.

"டீச்சர்! ஹெச்.எம். என்னைத் திட்டிட்டாரு டீச்சர்!"

"சத்தமாவா?"

"பள்ளிக்கூடமே கேக்குத மாதிரி!"

அந்தப் பக்கம் குரு சிரித்தார்.

"இந்தத் தடவை மக்ரூன் நீங்க வாங்கிட்டு வாங்க."