கைமாவுக்கு உப்பு

ஒரு மலை இருந்ததாம். மலைக்கு இருபத்தேழு வளைவு இருந்ததாம். பத்தொன்பதாவது வளைவில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்ததாம். அந்தக் கடையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடனுக்கு ஐம்பத்தாறு.

குருவின் பெயர் ஹாஜிரா. மலையில் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீடன் சூசை. கல் குவாரியில் முப்பது வருஷம் சம்மட்டி பிடித்துவிட்டு வந்தவன்.

கடையில் ஒரே சாப்பாடுதான். கைமாவும் உருளைக்கிழங்கு மசியலும். கீழ்வளைவில் பஸ் ஹார்ன் அடித்ததும் பொடியாகக் கொத்திய ஆட்டுக்கறி அடுப்பில் ஏற வேண்டும். பஸ் முக்கி முனகி மேலே வந்து சேர இருபது நிமிஷம். வந்தால் நிற்பது அரை மணி. கறி முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண்.

ஒரு வருஷமாக சூசை வெங்காயம் உரித்தான், கிழங்கு மசித்தான். கைமாச் சட்டியைத் தொட்டதில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்றான்.

"மாஸ்டர், இன்னைக்குக் கைமா நான்தான் போடுவேன்."

"என்ன விசேஷம்ணே?"

"ஆறு மணி வண்டியில பிலோமி வர்றா. புள்ளையோட. மேல டவுன்ல வேலை கெடைச்சிருக்காம். கொழுந்தியா சொல்லி விட்டா."

ஹாஜிராவுக்குக் கதை தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தான். பெண்டாட்டி செத்த வருஷம் அது. ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வந்தான். பதினைந்து வயது மகள் பிலோமி சோறாக்கி வைத்திருந்தாள். உப்பு இல்லை என்று தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். விடிந்ததும் சித்தி வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவன் குடியை விட்டே ஏழு வருஷம் ஆகிவிட்டது.

"அரை மணி நேரந்தான் மாஸ்டர். பன்னெண்டு வருசத்தை அதுக்குள்ள எப்படிப் பேசி முடிக்கிறது?"

ஹாஜிரா ஒரு பிடி கறியை அள்ளி இரும்புச் சட்டியில் போட்டாள். கரண்டியை அவன் கையில் கொடுத்தாள்.

சூசை கிளறினான். கிளறிக்கொண்டே இருந்தான். கறி தண்ணீர் விட்டு, வெளுத்துப்போய், அழுக்குத் தண்ணியில் ஊறின துணி மாதிரிக் கிடந்தது.

"சிவக்க மாட்டேங்குதே மாஸ்டர்."

"நீங்க விட்டாத்தானே."

கரண்டியைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூசையின் விரல்கள் வெறுங்காற்றைக் கிளறின. தண்ணீர் வற்றியது. சட்டி சடசடத்தது. கறியின் ஓரம் சிவந்து, கொழுப்புப் பிரிந்து, வாசம் கிளம்பியது.

"இப்ப மசாலா," என்றாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே."

"கிழங்கை வேகப் போடுங்கண்ணே. மணி நாலாச்சு."

கிழங்கு வெந்தது. சூசை தண்ணீரை வடித்து, ஈரம் போகச் சட்டியைத் திரும்ப அனலில் காட்டி, வெண்ணெய் போட்டு, மத்தை எடுத்துக் குத்தினான். குத்து ஒவ்வொன்றுக்கும் மேடை அதிர்ந்தது.

"அண்ணே, ஜல்லியா உடைக்கிறீங்க? இப்படிக் குத்தினா பசையாப் போயிரும். போஸ்டர் ஒட்டத்தான் ஆகும்."

"கட்டி நிக்குதே மாஸ்டர்."

"ரெண்டு கட்டி கெடக்கட்டும். தின்னுறது கிழங்குன்னு தெரிய வேணாமா?"

கீழ்வளைவில் ஹார்ன் கேட்டது.

சூசை சட்டியை ஏற்றினான். எண்ணெய், வெங்காயம், இஞ்சி பூண்டு, பச்சைமிளகாய். பிறகு கறி. ஒரு தடவை பரப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் வற்றிக் கறி சிவந்த பிறகுதான் தொட்டான். மல்லித்தூள், மிளகாய்த்தூள், கடைசியில் மிளகு.

உப்புச் சாடியில் கை விட்டதும் விரல்கள் சுருங்கிக்கொண்டன. தட்டை எறிந்த நாளிலிருந்து அப்படித்தான். உப்பு ருசி பார்ப்பதையும் அவன் விட்டிருந்தான். அந்த நாக்கை அவன் நம்புவதில்லை. மசியலுக்கு அவன் போடும் உப்பு தினமும் குறையும். ஹாஜிரா ருசி பார்த்து, பேசாமல் ஒரு சிட்டிகை சேர்ப்பாள்.

அன்றைக்கும் வந்தாள். கைமாவைக் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். மசியலையும் தொட்டுப் பார்த்தாள். சட்டியை மூடிவிட்டுப் போனாள்.

பஸ் வந்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். பிலோமி இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூசை பஸ்ஸை நோக்கி ஓர் எட்டு வைத்தான். திரும்பிப் பார்த்தான். ஹாஜிரா கரண்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

பத்து நிமிஷம் போனது. கைமா வாசம் பஸ்ஸுக்குள்ளும் போயிருக்க வேண்டும். நாலு வயதுப் பையன் ஒருவன் படியில் குதித்து இறங்கிக் கடைக்குள் ஓடி வந்தான். பின்னாலேயே, "டேய், நில்லுடா" என்று பிலோமி வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பையன் ஏற்கெனவே பெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவளும் உட்கார்ந்தாள்.

சூசை இரண்டு தட்டு வைத்தான். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பிலோமி ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள்.

"உப்பு பத்தல," என்றாள்.

சூசை போய் உப்புச் சாடியை எடுத்து வந்தான். அவள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். பிலோமி தட்டைப் பார்த்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்துப் பையன் தட்டில் தூவினாள். இன்னொரு சிட்டிகை தன் தட்டில்.

"அம்மா, இதுல கட்டி இருக்கு."

"கிழங்குடா. தின்னு."

தட்டை வழித்துச் சாப்பிட்டாள். கண்டக்டர் விசில் அடித்தான். கை கழுவி, பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பஸ் படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"அடுத்த தடவை ருசி பாத்துட்டு இறக்குப்பா."

பஸ் இருபதாவது வளைவில் திரும்பி மறையும்வரை சூசை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்தான்.

"மாஸ்டர், நீங்க ருசி பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"உப்பு பத்தலைன்னு தெரியலையா?"

"நல்லாவே தெரிஞ்சுது."

"தெனமும் நீங்க போடுவீங்களே. இன்னைக்கு மட்டும் ஏன் போடல?"

ஹாஜிரா அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"அவ சொல்றதுக்கு ஒண்ணு வேணாமாண்ணே?"

சொல்லிவிட்டு வீட்டுப் பாதையில் இறங்கிப் போனாள்.

சூசை இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தான்.