இரு வீட்டுப் புகை

"என் தங்கச்சி என்னைப் புகை போட்டே கொன்னுடுவா போலிருக்கும்மா" என்றாள் குமுதவல்லி.

பூரணி அம்மாள் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து கேரட் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ மேல கோபம் வராம இருக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"வந்தா என்ன?"

"தூக்கம் போயிடுது. கண்ணை மூடி ஜபத்துல உட்கார்ந்தா சாமி வரமாட்டேங்குது. அவ மூஞ்சிதான் வருது."

பூரணி அம்மாள் சிரித்தாள்.

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவில், தகரக் கூரை போட்ட வீடு அவளுடையது. காய்கறி பயிரிட்டுப் பிழைத்தாள். மன அமைதி நாடி வருகிறவர்களிடம் இரண்டொரு வார்த்தை பேசுவாள். பல நாள் அதுவும் பேசமாட்டாள்.

குமுதவல்லி தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தன்னிடம் படித்திருக்கக்கூடிய வயதுப் பெண்ணை அம்மா என்று கூப்பிட அவளுக்கு முதலில் நாக்கு கூசியது. ஆனாலும் வேறெங்கும் அடங்காத மனசு இங்கே வந்தால் கொஞ்சம் அடங்கியது.

"புகை எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள் பூரணி அம்மாள்.

குமுதவல்லி சொன்னாள்.

வீடு, வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பழைய பங்களா. அப்பா வாங்கியது. அவர் போனபின் அக்காளும் தங்கையும் அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூடம் அக்காளுக்கு. அதற்கு அடுத்த பெரிய அறை தங்கை பங்கஜவல்லிக்கு. நடுவில் இருந்த கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பேச்சும் அன்றோடு நின்றது.

ஆனால் அந்த நடுச்சுவரில்தான் இரண்டு கணப்புகளும் இருந்தன, முதுகோடு முதுகாக. குளிருக்கு இந்தப் பக்கம் ஒன்றில் விறகு எரியும், அந்தப் பக்கம் ஒன்றில் எரியும். கூரைக்கு மேலே போகும் புகைபோக்கி மட்டும் ஒன்று. அதன் உள்ளே நடுவில் ஒரு தடுப்பு, ஆளுக்கொரு வழி.

"அவ தீ மூட்டினா என் கூடம் பூரா புகை. வேணும்னே பச்சை விறகு வைக்கிறா. வீட்டை விட்டு என்னை விரட்டணும் அவளுக்கு."

"நீங்களும் மூட்டுவீங்களா?"

"மூட்டாம இந்த மார்கழிக் குளிர்ல எப்படிங்க?"

"உங்க புகை எங்க போகுது?"

குமுதவல்லிக்குக் கேள்வியே புரியவில்லை.

"எங்க போகும்? மேலதான் போகும்."

"பார்த்தீங்களா?"

பூரணி அம்மாள் கேரட்டைக் கூடையில் போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"வாங்க, போகலாம்."

*

போகிற வழியில் பூரணி அம்மாள் தைல மரத்துத் தழையை ஒரு கட்டு ஒடித்துக்கொண்டாள். பனியில் நனைந்த தழை.

கூடத்துக் கணப்பில் விறகை மூட்டி, தீ பிடித்ததும் தழையை அள்ளி மேலே போட்டாள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி மேலே ஏறியது. கூடத்துக்குள் துளி வரவில்லை.

"பார்த்தீங்களா? என் புகை ஒழுங்கா மேல போகுது" என்றாள் குமுதவல்லி.

பூரணி அம்மாள் வெளியே நடந்தாள். வேலியைச் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டு வாசலுக்குப் போனாள்.

குமுதவல்லி வேலியோரமே நின்றுவிட்டாள். "நான் அந்தப் படி ஏறமாட்டேம்மா."

பூரணி அம்மாள் காத்திருக்கவில்லை. கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. அதோடு புகையும் வந்தது.

பங்கஜம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். வேலியருகே அக்காளைப் பார்த்ததும் குரல் கிழிந்தது.

"தினமும் பண்றது போதாதா? இன்னிக்கு எதைப் போட்டுக் கொளுத்தறே? எதுக்குடி வயித்துப் பிள்ளைக்காரியைப் போட்டு இப்படிப் படுத்தறே?"

அவளுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நிறைமாத வயிறு. வாயை ஈரத்துண்டால் பொத்தியிருந்தாள். இருமி இருமி முகம் சிவந்திருந்தது.

பங்கஜத்தின் மகள் மிருதுளா. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் பெரியம்மாவுக்கு அது தெரியாது.

தைல இலை வாசனை வாசல்வரை வீசியது.

குமுதவல்லி திரும்பி ஓடினாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. சமையலறைக் குடத்தைத் தூக்கி வந்து கணப்பில் கவிழ்த்தாள். சாம்பலும் நீராவியுமாக அவள் மேலேயே அடித்தது. இன்னொரு குடம் ஊற்றினாள்.

திரும்பி வந்தபோது மிருதுளாவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்து, பூரணி அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பூரணி அம்மாளின் முகம் வெளுத்திருந்தது.

"உள்ள கர்ப்பிணிப் பொண்ணு இருக்கிறது எனக்குத் தெரியாது" என்றாள். "கேட்டிருக்கணும். கேட்காமப் போட்டுட்டேன்."

மிருதுளா மூச்சை இழுத்துவிட்டாள். குமுதவல்லியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பெரியம்மா, உங்க புடவையெல்லாம் ஒரே கரி."

*

லூர்து மேஸ்திரி கூரைமேல் ஏறிப் புகைபோக்கிக்குள் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இறங்கி வந்து இரண்டு பேரிடமும் பொதுவாகச் சொன்னார். அவர்கள்தான் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்களே.

"நடுத்தடுப்பு இடிஞ்சு உள்ளயே விழுந்து கிடக்குங்க. உள்பூச்சு சுரண்டினா மாவாக் கொட்டுது. எந்தப் பக்கம் மூட்டினாலும் பாதி புகை அடுத்த பக்கம்தான் இறங்கும்."

"எத்தனை நாளா?" என்றாள் பங்கஜம்.

"வருசக்கணக்கா இருக்கும்."

அக்காளும் தங்கையும் அப்போதும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"புகையாவது பரவாயில்லைங்க, கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத விஷக்காத்து ஒண்ணு வரும். தூங்கினவங்க தூங்கினபடியே போயிடுவாங்க. வேலை முடியற வரைக்கும் யாரும் கணப்புல தீக்குச்சி கிழிக்கக் கூடாது."

கூரைக்கு மேலே இருந்த பகுதியைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். உள்ளே பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, சுடுமண் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிச் சாந்து வைக்க வேண்டும். அதற்கு முன் விழுந்து கிடந்த செங்கலை வெளியே எடுக்க வழி வேண்டும். கணப்புகளின் முதுகுச் சுவரை மேஸ்திரி உடைத்தார்.

அக்காள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

முதல் நாள் இரண்டு பக்கமும் சாக்குப் படுதா தொங்கியது.

மறுநாள் செங்கல் மாற்றிக் கொடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று மேஸ்திரி படுதாக்களை அவிழ்த்துப் போட்டார்.

ஓட்டை வழியாக மிருதுளாவின் கை நீண்டது. கையில் ஒரு கிண்ணம்.

"அம்மா வெச்ச ரசம், பெரியம்மா. குளிருக்கு நல்லாயிருக்கும்."

குமுதவல்லி வாங்கிக் குடித்தாள். காரம் தூக்கலாக இருந்தது. பங்கஜம் எப்போதும் மிளகை அப்படித்தான் போடுவாள்.

அடுத்த நாள் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

தீ இல்லாத வீட்டில் குளிர் எலும்பைத் தின்றது. ஒரு மத்தியானம் மேஸ்திரியும் ஆட்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். குமுதவல்லி கரியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமும் துடைப்பச் சத்தம் கேட்டது. இவள் நிறுத்தினாள். அங்கேயும் நின்றது.

"அப்பாவை ஏன்டி கொண்டுபோனே?"

கேட்ட பிறகுதான், கேட்டுவிட்டோம் என்பதே குமுதவல்லிக்குத் தெரிந்தது.

அவள் விடைத்தாள் திருத்த வெளியூர் போயிருந்தபோது, பங்கஜம் அப்பாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். அவர் பிணமாகத்தான் மலையேறி வந்தார். தன் வீட்டில், தன் கணப்புக்கு முன்னால் சாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன்.

ஓட்டைக்கு அப்பாலிருந்து பங்கஜத்தின் குரல் வந்தது.

"மூச்சு வாங்குச்சுக்கா. உடனே மலையை விட்டு இறக்கினாத்தான் தேறுவார்னு டாக்டர் சொன்னார். உன் ஸ்கூலுக்குப் போன் போட்டேன். நீ இல்லேன்னாங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன். நீ மூஞ்சியில கதவைச் சாத்திட்டே."

சாத்தியது குமுதவல்லிக்கு நினைவிருந்தது.

"கார்ல போறப்ப பூரா அப்பாவுக்கு ஒரே பேச்சுதான்" என்றாள் பங்கஜம். "குமுதம் வந்து பார்ப்பா, வீடு சில்லுனு கிடக்கும், கணப்புல ரெண்டு கட்டை போட்டு வெச்சுட்டு வந்திருக்கலாம்னு."

குமுதவல்லி துடைப்பத்தைப் போட்டாள். சாம்பலில் மண்டியிட்டு ஓட்டைக்குள் தலையை நீட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து பங்கஜத்தின் தலை வந்தது. இரண்டு பேர் முகத்திலும் கரி. அழுதார்களா சிரித்தார்களா என்று அறைக் கட்டிலில் படுத்திருந்த மிருதுளாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

குமுதவல்லி சரிவில் ஏறி வந்தாள். மூச்சிரைத்தது.

"அம்மா! நாங்க பேசிட்டோம். எல்லாம் போயிடுச்சு. நடுத்தடுப்பே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஒரே கணப்பு, ஒரே குழாய். நடுச்சுவரையும் இடிச்சுடப் போறேன். இனிமே ஒரே வீடு."

"பங்கஜம் என்ன சொன்னாங்க?"

"அவளுக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்."

பூரணி அம்மாள் எழுந்தாள்.

கூடத்தில் லூர்து மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பக்கத்தில் சாந்துச் சட்டி, செங்கல், இரண்டு வழிக்கும் வேண்டிய குழாய்கள். ஓட்டைக்கு அப்பால் பங்கஜம். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பூரணி அம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு மிருதுளாவைப் பார்த்தாள்.

"குழந்தை பிறந்ததும் எந்த ரூம்ல படுக்கும்?"

"இதோ, இங்கதான்." மிருதுளா தன் பக்கத்துக் கணப்புக்கு எதிரே கிடந்த கட்டிலைக் காட்டினாள்.

பூரணி அம்மாள் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தாள். வாளித் தண்ணீரில் முக்கினாள். சொட்டச் சொட்டக் குமுதவல்லியின் கையில் வைத்தாள்.

"இப்பத்தானேம்மா சேர்ந்தோம்" என்றாள் குமுதவல்லி. "மறுபடியும் சுவரா?"

"நல்லா வைங்க. சந்து விடாம வைங்க."

செங்கல் கனத்தது. குமுதவல்லி தங்கையைப் பார்த்தாள். பங்கஜம் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அக்கா, உனக்கு விடியறதுக்கு முந்தி எழுந்து பாட்டுப் போடணும். எனக்கு வெயில் வந்தாத்தான் எழுந்திருக்க முடியும்."

"என் பாட்டு உனக்குத் தொந்தரவா?"

"ரொம்ப" என்றாள் பங்கஜம்.

மேஸ்திரி சாந்தை விரித்தார். குமுதவல்லி மண்டியிட்டு முதல் கல்லை வைத்தாள். அந்தப் பக்கம் பங்கஜமும் மண்டியிட்டு அடுத்த கல்லை வைத்தாள். வரிசை ஏற ஏறத் தங்கையின் இடுப்பு மறைந்தது, தோள் மறைந்தது. கடைசியில் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

குமுதவல்லி திரும்பிப் பார்த்தபோது பூரணி அம்மாள் போய்விட்டிருந்தாள்.

*

சாந்து காயக் காத்திருந்து, மேஸ்திரி ஒரு மாலை வந்து இரண்டு வீட்டிலும் தீ மூட்டச் சொன்னார். கூரையில் ஏறிப் பார்த்தார், தங்கை வீட்டுக்குள் போய் மோந்து பார்த்தார், இங்கேயும் வந்து மோந்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

குமுதவல்லி கணப்பு முன் உட்கார்ந்தாள். விறகு சுத்தமாக எரிந்தது. கூடத்தில் புகை வாடையே இல்லை.

சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மிருதுளாவின் கை நீளுகிற இடத்தில் இப்போது புதுச் செங்கல்தான் இருந்தது. இவ்வளவு நன்றாக வைத்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தாள். பங்கஜம் நின்றாள். வேலியைச் சுற்றி நடந்து வந்ததில் செருப்பெல்லாம் ஈரம்.

"என்னடி, புகை வருதா?"

"வரலைக்கா" என்றாள் பங்கஜம். "அதான் நான் வந்தேன்."