சாக்கடைக் குத்தகைக்காரருக்கு ஒரு வீடு

குண்டலூர் ராஜா பூபாலரங்கருக்கு ஒரே தலைவலி, ஊர்ச் சாக்கடைதான். வருஷா வருஷம் அதைத் தூர்வாரக் குத்தகை விடுவார்கள். யார் குறைந்த தொகை எழுதி ஓலை போடுகிறாரோ அவருக்கே வேலை. ராஜாவின் தாத்தா போட்ட சட்டம், மீற முடியாது.

மூன்று வருஷமாக ஜெயிப்பவர் மந்திரியின் மைத்துனர் ஏகாம்பரம். லேசுப்பட்ட ஆளா அவர்! அரண்மனை வாசலில் மட்டும் பளபளவென்று வாருவார். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்பார். மழையும் பார்த்துக்கொண்டது. மொத்தச் சேற்றையும் கீழக்கோடித் தெரு வீடுகளுக்குள் கொண்டுபோய்க் கொட்டியது.

அந்தத் தெருக்காரி செங்கமலை. போன மழையில் அவள் பிள்ளை காய்ச்சலில் பிழைத்ததே பெரும்பாடு. வயிறெரிந்துபோய், இந்த வருஷம் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அவளே ஓலை போட்டாள். முந்நூறு பணம். ஏகாம்பரம் போட்டது பத்துப் பணம். துரும்பைக்கூட அசைக்காதவருக்கு அந்தப் பத்தும் லாபம்தானே?

ராஜா தன் ஆலோசகர் வேம்பையரைக் கூப்பிட்டார். "சட்டமும் உடையக் கூடாது, சாக்கடையும் அடையக் கூடாது. உச்சிப்பொழுதுக்குள் வழி சொல்லும்."

வேம்பையர் சபையில் எழுந்தார். ஏகாம்பரத்தை வாயாரப் புகழ்ந்தார். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஓடக் குத்தகைக்காரருக்குத் துறையிலேயே வீடு கொடுக்கிறோம், நந்தவனக் குத்தகைக்காரருக்குத் தோட்டத்திலேயே வீடு கொடுக்கிறோம், வேலை நடக்கும் இடத்தில் குடியிருப்பதுதானே நம் ஊர் வழக்கம், பாவம் ஏகாம்பரத்தை மட்டும் மறந்துவிட்டோமே என்று உருகினார்.

"கீழக்கோடித் தெருவில், சாக்கடை முடிகிற இடத்தில், அவருக்கு ஒரு வீடு பார்த்துவிட்டேன், பிரபு. மழைக்கு முன்பே குடும்பத்தோடு வந்துவிடட்டும்."

ஏகாம்பரத்துக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. அவள் மந்திரியின் தங்கை. அவளிடம் இதை யார் போய்ச் சொல்வது? தனக்கு இடுப்பு வலி என்று ஏதோ முனகி, ஓலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நழுவினார்.

மிச்சம் இருந்தது ஒரே ஓலை. செங்கமலையிடம் வீடு வேண்டுமா என்று கேட்டார்கள். "நான் அங்கேதான் இருக்கேன், சாமி" என்றாள். குத்தகை அவளுக்குப் போனது.

ராஜாவுக்கு வேம்பையரைச் சீண்டிப் பார்க்க ஆசை வந்தது. "வேலையை மேற்பார்வையிட நீர்தான் சரி. வழக்கப்படி உமக்கும் அங்கே ஒரு வீடு உண்டல்லவா?"

வேம்பையர் பணிவாகக் கும்பிட்டார். "சந்தோஷமாகப் போகிறேன், பிரபு. குத்தகை ஓலையில் முத்திரை வைக்கிறவருக்கும் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துவிடட்டுமா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், கையில் இருந்த முத்திரை மோதிரத்தை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டார்.