பாய்க்கயிறு பிடித்த உடும்பு

கடலோர அலையாத்திக் காட்டில் வரியன் என்ற உடும்பும், கோணன் என்ற நண்டும், பஞ்சி என்ற முயலும் கூட்டாக ஒரு வள்ளம் வைத்திருந்தன. வள்ளம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றும் ஏறி உட்கார்ந்தால் மிச்சம் ஒரு மூட்டைக்குத்தான் இடம். ஒட்டுப்போட்ட பாய் ஒன்று, சுக்கான் ஒன்று, தண்ணீர் இறைக்க ஒரு சிரட்டை. அவ்வளவுதான்!

ஒரு நாள் பஞ்சி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணாச்சி! மூணாந்தீவுல எங்க அக்கா குட்டி போட்டிருக்காளாம்! நாரை வந்து சொல்லிச்சு. பாக்கணும்போல இருக்கு. ஆனா எனக்கு நீச்சல் தெரியாதே!"

"நான் இருக்கையில உனக்கு எதுக்கு நீச்சல்?" என்றது வரியன். "பாய்க்கயிறு என் கையில இருக்கும். நான் புடிச்சா புடிச்சதுதான்!"

வரியனுக்குத் தன் பிடியில் அவ்வளவு பெருமை. போன புயலில் அது பிடித்திருந்த மரமே வேரோடு சாய்ந்தது. வரியன் பிடியை விடவில்லை. மரத்தோடு சேர்ந்து சேற்றில் போய் விழுந்தது. அதையும் அது பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தது!

விடிந்ததும் புறப்பட்டன. குட்டிகளுக்கென்று பஞ்சி ஒரு கட்டு அருகம்புல் எடுத்துக்கொண்டது. சுக்கான் கோணனிடம். கயிறு வரியனிடம்.

"வரியா, ஒண்ணு சொல்லிடுறேன்," என்றது கோணன். "காத்து ஓங்கி அடிச்சா கயித்தை நெகிழ விடணும். தணிஞ்சா இழுக்கணும். அதுக்குத்தான் கயித்தைக் கட்டிப்போடாம கையில வச்சிருக்கோம்."

"விடுறதுக்கா ஒருத்தன் புடிப்பான்?" என்று வரியன் சிரித்தது. "எங்க வம்சத்துல புடிச்சதை விட்டவன் ஒருத்தன் உண்டா?"

கோணன் கண்களை உயர்த்தி அதை ஒரு பார்வை பார்த்தது. பேசிப் பயனில்லை என்று சுக்கானைத் திருப்பியது.

காற்று தெற்கிலிருந்து வந்தது. போக வேண்டியதும் தெற்கேதான். எதிர்க்காற்றில் வள்ளம் நேராகப் போகாது. சாய்ந்து சாய்ந்து, ஒரு பக்கம் கொஞ்சம், மறு பக்கம் கொஞ்சம் என்று போக வேண்டும். கோணனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிறந்ததிலிருந்து அது பக்கவாட்டில்தானே நடக்கிறது!

"பாத்தீங்களா! கடலுக்கே என் நடைதான் புடிச்சிருக்கு!" என்று கொடுக்குகளைத் தட்டியது.

முதல் தீவில் நல்ல வெயில். வெள்ளை மணலில் படுத்து வரியன் முதுகைக் காயவைத்தது. பஞ்சி கரையெல்லாம் துள்ளியது. இரண்டாம் தீவுக்குப் போகும் வழியில் காற்று நின்றுபோனது. பாய் தொங்கியது. தூறல் போட்டது. மூன்றும் பாய்க்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்து, யார் குறட்டை பெரிது என்று சண்டை போட்டுக்கொண்டன. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் வள்ளத்தைத் தானாகவே தீவில் சேர்த்தது. அன்றைக்குக் கடலுக்கு நிமிஷத்துக்கொரு புத்தி! ஆனாலும் வரியனுக்கு மனம் நிறைந்திருந்தது. இப்படியே எத்தனை தீவு வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றியது.

இரண்டாம் தீவிலிருந்து பார்த்தால் மூன்றாம் தீவு தெரிந்தது. அதன் பனைமரங்களைக்கூட எண்ணலாம். தூறல் விட்டு வெயில் அடித்தது. மேற்கே மட்டும் கறுப்பாக ஒரு மேகம்.

"அந்த மேகம் போகட்டும். கொஞ்சம் பொறுத்துப் போவோம்," என்றது கோணன்.

"கையகலம் மேகம்! அதுக்குப் போய்ப் பயப்படுறியே!" என்றது வரியன். "அந்தா தெரியுது தீவு. பிள்ளை எவ்வளவு ஆசையா இருக்கா, பாரு!"

பஞ்சியின் காதுகள் இரண்டும் மூன்றாம் தீவைப் பார்த்தே நின்றன. கோணன் மனம் இளகிவிட்டது. மூன்றும் வள்ளத்தைத் தள்ளின.

பாதி தூரம் போவதற்குள் கையகல மேகம் பாதி வானம் ஆனது. மேற்குக் காற்று சீறிக்கொண்டு வந்து பாயில் மோதியது. வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பு ஏறி உள்ளே கொட்டியது.

"கயித்தை விடு! கயித்தை விடு!" என்று கத்தியது கோணன்.

வரியனுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் உடும்பு என்ன செய்யும்? இன்னும் இறுக்கிப் பிடிக்கும்! நகங்கள் கயிற்றில் பதிந்தன. பாய் இன்னும் உப்பியது. வள்ளம் இன்னும் சாய்ந்தது.

"ஏ கூறுகெட்டவனே, விடு!" ஒரு கொடுக்கில் சுக்கானைப் பிடித்துக்கொண்டே கோணன் மறு கொடுக்கால் அதன் வாலை நறுக்கென்று கிள்ளியது. வலித்தது. வலித்ததும் வரியன் இன்னும் கொஞ்சம் இறுக்கியது!

விட்டுவிட்டால் நான் என்ன உடும்பு? நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள்? அந்த நேரத்திலும் அதன் நெஞ்சில் இதுதான் ஓடியது.

"அண்ணாச்சி!"

பஞ்சி நனைந்த பலகையில் வழுக்கிக்கொண்டு தாழ்ந்த பக்கம் போனது. அருகம்புல் கட்டு முதலில் கடலில் விழுந்தது. பின்னாலேயே பஞ்சியும் விழுந்தது! தண்ணீருக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன.

வரியன் எட்டினால் பிடித்துவிடலாம். ஆனால் கை எங்கே இருக்கிறது? இரண்டு கையிலும் கயிறு! அப்போதுதான் அதற்கு உறைத்தது. அது கயிற்றைப் பிடித்திருக்கவில்லை. கயிறுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

வரியன் விரல்களை விரித்தது.

கயிறு சரசரவென்று ஓடியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. சாய்ந்த வள்ளம் மெல்ல நிமிர்ந்தது. பின்னங்கால் நகங்களைப் பலகையில் ஊன்றி, வரியன் பாதி உடம்பைக் கடலுக்குள் நீட்டியது. இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்தது. இப்போது வேண்டும் அந்தப் பிடி! ஒரே இழுப்பில் பஞ்சி வள்ளத்துக்குள் வந்து விழுந்தது.

பஞ்சி இருமியது. தும்மியது. பிறகு, "காது வலிக்குது, அண்ணாச்சி!" என்றது. வரியனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கோணன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "சிரட்டையை எடுங்க. தண்ணிய இறைங்க," என்றது.

காற்று வந்த வேகத்திலேயே தணிந்தது. வரியன் கயிற்றை மறுபடி கையில் எடுத்தது. காற்று தள்ளியபோது நெகிழ விட்டது. அடங்கியபோது இழுத்தது. விட்டு இழுத்து, விட்டு இழுத்து, வள்ளம் துள்ளிக்கொண்டு ஓடியது. இதில் இத்தனை சுகம் இருக்கிறதா என்று அதற்கே ஆச்சரியம்!

மூன்றாம் தீவின் கரையில் பஞ்சியின் அக்கா குட்டிகளோடு நின்றுகொண்டிருந்தது.

"என்னடி இது! இப்படித் தெப்பமா நனைஞ்சு வந்திருக்க? என்ன ஆச்சு?"

பஞ்சி வரியனைப் பார்த்தது. அண்ணாச்சியின் மானம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டது. வரியனே முன்னால் வந்தது.

"நான் விடாம புடிச்சதுல கடல்ல விழுந்தா, தாயி. விட்டதுலதான் கரைக்கு வந்து சேர்ந்தா!"

குட்டிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவை வரியனின் முதுகில் ஏறி விளையாடத் தொடங்கின.

பிடித்ததை விடாமல் வைத்திருக்கும் பலம் மட்டும் போதாது. விடவேண்டிய நேரத்தில் விடத் தெரியாதவன் தன்னை நம்பி வந்தவரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவான்.