சீல் வைத்த மில்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அந்த நகரத்தில் அப்படித்தான் இருந்தது.

குருவைத் தாண்டவ அடிகள் என்பார்கள். பெரிய மடம் எல்லாம் இல்லை. ஒரு ஹால், ஒரு பூஜை அறை, ஒரு சமையலறை. முன்னால் சைக்கிள் கடை, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, பின்னால் ஜெபக்கனி என்கிற அம்மாளின் மாவு மில்.

சீடர் நல்லசிவம் மாநகராட்சியில் உரிம ஆய்வாளர். கடைகளுக்கு உரிமம் இருக்கிறதா, விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது வேலை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு கடையில் ஒரு டீகூட ஓசியில் குடித்ததில்லை. அதனாலேயே கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டால் கூடுதல் பயம். கை நீட்டுகிற ஆளிடமாவது பேசிப் பார்க்கலாம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"சாமி, விதிப்படி நடக்கிறவன் பாவம் பண்ண முடியுமா?"

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மா கேட்டேன்."

"ஒண்ணும் ஆகாதவங்க இதைக் கேக்க மாட்டாங்க."

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பின்னாடி மில்லுக்குச் சீல் வெச்சிருக்கேன். பத்து நாள் ஆச்சு."

"அதான் சத்தமே இல்லையா? கரண்ட் பிரச்சனைன்னு நினைச்சேன்."

"இல்ல சாமி. நான்தான்."

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த அம்மா என்ன தப்பு செஞ்சாங்க?"

"அவங்க உரிமத்துல மாவுன்னு இருக்கு. மிளகாயும் அரைக்கிறாங்க. பத்தொன்பது வருஷமா எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்ல. இப்ப புது விதி வந்திருக்கு. மிளகாய்க்குத் தனி உரிமம். அதுக்கு அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாரும் சம்மதிக்கணும். ஒருத்தர் புகார் கொடுத்தாலும் சம்மதம் இல்லைன்னு அர்த்தம். மில்லையே மூடணும்."

"கொடுத்தாங்களா?"

"ஒருத்தர் கொடுத்தார்."

"யாரு?"

"பேரைச் சொல்லக் கூடாது. அதுவும் விதி."

நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினா சீலை எடுத்துரலாம். இல்லைன்னா உரிமம் ரத்து. நான் போய் அவர்கிட்ட வாபஸ் வாங்குங்கன்னு கேக்க முடியாது. ஆய்வாளர் அப்படிக் கேக்கக் கூடாது."

"புகார்ல என்ன எழுதியிருந்தது?"

"அதைச் சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கா?"

நல்லசிவம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். மனசுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது.

"இல்ல" என்றார். "வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், விடியக்காலை அஞ்சு மணிக்கு மில் ஓடுது. சத்தம். கூடவே மிளகாய் நெடி. இருமல் வருது. தியானத்துக்கு இடைஞ்சல்."

குரு சொன்னார். "அது என் மனு."

சீடர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரியும். பத்து நாளாகத் தெரியும். போன வியாழக்கிழமையும் இதே இடத்தில் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார்.

"நான் மூடச் சொல்லலையே" என்றார் குரு. "அந்த ரெண்டு நாள் கொஞ்சம் நேரம் கழிச்சு ஓட்டச் சொல்லுங்கன்னுதான் கேட்டேன்."

"கடைசி வரியில எழுதியிருந்தீங்க சாமி. படிச்சேன். ஆனா புகாரை கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப ரெண்டே கட்டம்தான். புகார் உண்மை. புகார் பொய். நேரம் மாத்தச் சொல்றதுக்கு அதுல இடமே இல்ல. நான் போய்ப் பார்த்தேன். மிளகாய் இருந்தது. உண்மைன்னு போட்டேன்."

குரு எழுந்தார். ஒரு வெள்ளைத்தாள் எடுத்தார். புகாரை வாபஸ் வாங்குவதாக நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளைச் சீடரிடம் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மில்லின் ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். ஜெபக்கனி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், இல்லை என்று கையை ஆட்டுவதற்காக.

"வாங்க சார்" என்றார் நல்லசிவத்திடம். "பூட்டு பத்திரமா இருக்கான்னு பாக்க வந்தீங்களா? இருக்கு. நான் திங்கல."

பிறகு குருவைப் பார்த்து எழுந்து நின்றார்.

"சாமி, நீங்களா? மாவு தீர்ந்துபோச்சா? உங்க சமையல்காரரும் வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போனார். இனிமே வேற இடம் பாத்துக்கோங்க."

"மடத்து மாவா?" என்றார் குரு.

"ஆமா. படையலுக்கு. செவ்வாயும் வெள்ளியும்."

நல்லசிவம் தலையைத் தூக்கினார்.

ஜெபக்கனி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். "உங்க மடத்துக் கட்டளை அப்படியாமே. படையல் மாவு அன்னிக்கு முதல் அரைப்பா இருக்கணும். வேற எதுவும் மெஷின்ல பட்டிருக்கக் கூடாது. சமையல்காரர் சுவத்துல ஒட்டியிருக்கிற தாளையே ஃபோன்ல படம் எடுத்துக் காட்டினார். எனக்கு ஏழு மணிக்கு மேலதான் வேலை. உங்களுக்காகத்தான், மத்தவங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அஞ்சு மணிக்கே வந்து ஓட்டுவேன்."

"மிளகாய் நெடி?" என்றார் குரு. குரல் இறங்கியிருந்தது.

"முந்தின நாள் மிளகாய் கல்லுல ஒட்டியிருக்குமே. அப்படியே உங்க அரிசியைப் போட்டா சாமிக்கு உறைக்கும். மொதல்ல ரெண்டு படி குருணை போட்டு வெறும் ஓட்டு ஓட்டி, கல்லைக் கழுவுவேன். அப்ப பழசெல்லாம் கிளம்பும். எனக்கே கண்ணெல்லாம் எரியும். என்ன பண்றது, சாமி காரியம். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, ஆனா சுத்தம் எல்லாச் சாமிக்கும் ஒண்ணுதானே."

குரு சீடரைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது சாமி. அஞ்சு மணிக்கு ஓட்டுறீங்களான்னு கேட்டேன். ஆமான்னாங்க."

"ஏன்னு அவர் கேக்கல" என்றார் ஜெபக்கனி. "கேட்டாலும் எழுத அவர்கிட்ட கட்டம் இல்ல. அவர் கையில இருந்த படிவத்தை நான் எட்டிப் பார்த்தேனே."

குரு கையிலிருந்த தாளை நீட்டினார். "அம்மா, புகார் கொடுத்தது நான்தான். இது வாபஸ். நாளைக்குக் கொடுத்தா திறந்துருவாங்க."

ஜெபக்கனி தாளை வாங்கினார். நிதானமாகப் படித்தார். கோபப்படுவார் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீங்களா" என்றார். "ஜெராக்ஸ் கடைக்காரன்னு நினைச்சு பத்து நாளா அவன் முகத்தையே பாக்கல. பாவம் அவன்."

தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் சாமி."

"ஏன்?"

"பதினோரு மெஸ், நாலு இட்லிக் கடை எங்கிட்ட அரைச்சாங்க. பத்து நாள் மிளகாய்ப் பொடி இல்லாம யாரு குழம்பு வைப்பா? எல்லாரும் பாக்கெட்டுக்குப் போயாச்சு. ஒருத்தி மட்டும் ஃபோன் பண்ணி, அக்கா உங்க பொடி மாதிரி வருமான்னு அழுதா. அவளும் பாக்கெட் வாங்கி வெச்சிட்டுத்தான் அழுதா."

"திரும்ப வருவாங்கம்மா" என்றார் நல்லசிவம்.

"நாலு பேர் வருவாங்க. சரி, திறக்கிறேன். அடுத்த மாசம் இன்னொருத்தருக்கு இருமல் வரும். அவரும் எழுதுவார். நீங்களும் வருவீங்க, உங்களைக் குத்தம் சொல்லல. ஒரு கடுதாசி வந்தா மூடணும், இன்னொரு கடுதாசி வந்தா திறக்கணும்னா, நான் எதை நம்பி ஒரு மூட்டை மிளகாய் வாங்கிப் போடுறது?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா" என்றார் நல்லசிவம். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுதான் சார். புறவழிச்சாலை மசாலா கம்பெனிக்கும் இதே விதிதான். அங்க இதைப் படிக்கிறதுக்கே மூணு பேர் சம்பளத்துல உக்காந்திருக்காங்க. அவங்களைச் சுத்தி ஒரு வீடு கிடையாது, இருமறதுக்கு ஆளே இல்ல. இங்க நானே அரைக்கணும், நானே சலிக்கணும், நானே உங்க விதி பதினாறு பக்கத்தையும் படிக்கணும்."

"இனி என்ன செய்யப் போறீங்க?" என்றார் குரு.

"அந்த கம்பெனிக்குத்தான் போறேன். பாக்கெட் ஒட்டுற வேலை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. மெஷினைக் கேட்டு ஆள் வந்துட்டுப் போயாச்சு. உரிமம் ரத்தானதும் தூக்கிக்கலாம்னு சார் கொடுத்த தாளிலேயே போட்டிருக்கு."

அந்த நேரம் ஒருவர் ஸ்கூட்டரில் கோதுமைப் பையோடு வந்து நின்றார். ஜெபக்கனி கையை ஆட்டினார். அவர் பூட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

"நீங்க சொல்லியிருக்கலாம் சாமி" என்றார் ஜெபக்கனி. "ஏழு மணிக்கு அரைச்சாப் போதும்னு ஒரு வார்த்தை. எனக்கும் ரெண்டு மணி நேரம் தூக்கம் மிச்சமாகியிருக்கும்."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள்.

மடத்துக்கு வந்ததும் குரு நேராகச் சமையலறைக்குப் போனார். சுவரில் ஒட்டியிருந்த கட்டளைத் தாளைப் பார்த்தார். பட்டத்துக்கு வந்த வருஷம் அவரே உட்கார்ந்து எழுதியது. ஒன்பது கட்டளை. முதல் அரைப்பு என்பது ஐந்தாவது. எதற்காக அதை எழுதினோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை. கிழித்து என்ன ஆகப்போகிறது?

ஹாலுக்கு வந்தார். நல்லசிவம் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி, அந்தத் தாளைக் கொடுங்க. நாளைக்குக் காலையில நானே எடுத்துட்டுப் போய்க் கொடுக்கிறேன். அவங்க வேண்டாம்னாலும் திறந்து வைப்போம்."

"கொண்டுபோய்க் கொடுங்க" என்று குரு தாளை நீட்டினார். "ஆனா அவங்க வர மாட்டாங்க."

"தெரியும்."

நல்லசிவம் தாளைச் சட்டைப்பையில் வைத்தார். போகாமல் நின்றார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல சாமி. தப்பு விதியிலயா? அதை எழுதினவங்க மேலயா? கட்டத்துல உண்மைன்னு போட்ட என் மேலயா? ஏன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேக்கல. இருபத்தெட்டு வருஷமா யாரையும் கேட்டதில்ல. எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரல."

"விதியை எழுதினவங்களுக்கு அந்த அம்மாவைத் தெரியாது" என்றார் குரு. "உங்களுக்கும் அவங்களை ஒரு உரிம நம்பராத்தான் தெரியும்."

"அப்ப?"

"எனக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கிறது அஞ்சடிச் சுவரு. நான் அந்த மனுவைக் கொடுக்க ரெண்டு கிலோமீட்டர் நடந்து உங்க ஆபீசுக்கு வந்தேன்."